வாத்தியார் வாயில் மண் பேச்சு

ஓயாங் வாத்தியார் தன் வீட்டுப் படியேறி வருவார், அவருக்குத் தானே டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மான்மெய் நினைத்தே பார்த்ததில்லை. வந்தார். சும்மாவும் வரவில்லை. பண்பாட்டு அலுவலகத்து ஷேங் ஒரு கையைத் தாங்கிப் பிடிக்க, சட்டைப் பையில் இரண்டு பேனா எட்டிப் பார்க்க, பெண் பார்க்க வருகிறவர் மாதிரி வந்தார். வயது எழுபத்தொன்பது. முதுகு இன்னும் வளையவில்லை. பிள்ளைகளை அடித்தே வாழ்ந்தவருக்கு முதுகு ஏன் வளையப்போகிறது என்று மான்மெய் நினைத்துக்கொண்டாள்.

லுவோதாங்கில் மாடி வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரிச் சத்தம் எட்டாத வீடு மான்மெய்யுடையது ஒன்றுதான். கீழே அரிசி நூடுல்ஸ் கடை, நடுவில் அவள் குடியிருப்பு, மேல் மாடியில் வாடகைக்கு விடும் அறை. போன வாரம் ஷேங் அந்த அறைக்குள் நின்று கைதட்டி எதிரொலி கேட்டுப் பார்த்தான்.

"அக்கா, ஆறு நாளைக்கு இந்த ரூம் வேணும். மாகாணத் தலைநகர்ல இருந்து ஆராய்ச்சிக்காரம்மா வர்றாங்க. நம்ம மண் பேச்சைப் பதிவு பண்ணப் போறாங்க."

"மண் பேச்சையா? அதுக்குன்னு ஒருத்தி பஸ் ஏறி வர்றாளா?"

"எந்த வகைன்னு முடிவு பண்ணணுமாம். புத்தகத்துல நம்ம பேச்சுக்கு நேரா 'வகை தெரியாதது'ன்னுதான் போட்டிருக்காம். இந்த அம்மா எழுதிட்டா முடிஞ்சது. அதுக்கப்புறம் யாரும் தேடி வர மாட்டாங்க."

மான்மெய்க்கு அன்று தலைகால் புரியவில்லை. லுவோதாங்கில் எல்லோருக்கும் வாயில் இரண்டு பேச்சு. வெளியாளிடம், கடையில், ஆஸ்பத்திரியில் சர்க்கார் பேச்சு. அடுப்படியில், வயலில், சண்டையில் மண் பேச்சு. விருந்தாளி முன்னால் மண் பேச்சு பேசுவது, அவர் முன்னால் பல் குத்துவது போல. இந்த ஒழுங்கை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்படி மறைத்து வைத்ததை ஒருத்தி வந்து எழுதிக்கொண்டு போகப்போகிறாள் என்றால் மான்மெய்க்குச் சந்தோஷமாக இருக்காதா? அதற்காக வாயில் மண் வாங்கினவள் அவள்.

நிஜமான மண். மூன்றாம் வகுப்பில், ஒன்பது வயதில், பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள், மண் பேச்சில். ஓயாங் வாத்தியார் அப்போது இளவட்டம். பள்ளிக்கூட வாசலில் இருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்துவரச் சொல்லி, அதை அவள் நாக்கின்மேல் வைத்து, மணி அடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மண் கரைந்தது. பாதியை விழுங்கினாள். வகுப்பே சிரித்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். அப்பா, "பன்னி மேய்க்க ஆள் வேணும்தான்" என்றார். அத்தோடு முடிந்தது அவள் படிப்பு. இன்றைக்கு அறுபத்தோரு வயது. பேருந்துப் பலகையைப் பார்த்தால் கோடுதான் தெரியும், ஊர் தெரியாது.

ஆக, அந்த அறையில் உட்கார்ந்து மண் பேச்சு பேசப்போவது யார் என்று ஷேங்கிடம் அவள் கேட்டதில் தப்பில்லை. ஷேங் விதிகளைச் சொன்னான். அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். இங்கேயே பிறந்திருக்க வேண்டும். அம்மா அப்பா இரண்டு பேரும் இந்த ஊராக இருக்க வேண்டும். ஊரைவிட்டு அதிக நாள் போயிருக்கக் கூடாது. மான்மெய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"படிக்கத் தெரிஞ்சிருக்கணும். ஆயிரம் எழுத்தைப் பார்த்து ஒவ்வொண்ணா வாசிக்கணும்" என்று முடித்தான் ஷேங். "அதான் ஓயாங் வாத்தியாரைப் போட்டிருக்கோம். அவரைவிட மரியாதையான ஆள் யாரு இருக்கா?"

அன்று கடையில் எலும்புச் சாறு அடிபிடித்தது. இருபது வருடத்தில் முதல் தடவை.

ஆராய்ச்சிக்காரி பெயர் டெங் ஷின். முப்பத்தைந்து வயதிருக்கும். நாடு முழுக்கப் பேசும் பொதுமொழியில் பேசினாள். எல்லோரிடமும் பணிவு. வந்ததும் வராததுமாக மான்மெய்யிடம் பழைய மெத்தைவிரிப்புகள் கேட்டு வாங்கி ஜன்னலில் தொங்கவிட்டாள். ஜூலை மாதப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தினாள். நாய் குரைத்தால் நிறுத்து, கோழி கூவினால் நிறுத்து என்று முதல்நாள் போனது. மான்மெய் ஒரு மணிக்கொரு தரம் டீயும் ஈரத் துண்டும் கொண்டு மேலே ஏறினாள். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, ஓர் எழுத்து முடியும்வரை காத்திருந்து, பிறகு உள்ளே போக வேண்டும்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் கேட்டாள். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையில் தெரிந்த எழுத்துகளை, ஓர் எழுத்துக்கு ஒரு சொல்லாக, வாசித்துக்கொண்டிருந்தார். நிலா. வெள்ளை. பத்து. சுவர். ஒவ்வொன்றும் கணீரென்று, சுத்தமாக, சர்க்கார் பேச்சில்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. விருந்தாளி இருக்கிறாளே, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சாயங்காலம் வரை கேட்டாள். சரியாகவில்லை. மறுநாள் காலையும் அதே சர்க்கார் பேச்சு.

இரண்டாம் நாள் மதியம் டெங் ஷின் சாப்பிடக் கீழே வந்தாள். வாத்தியாருக்கும் ஷேங்குக்கும் சேர்த்து மான்மெய் புகைபோட்ட பன்றிக்கறியும் ஊறுகாய் மிளகாயும் வைத்தாள்.

"அக்கா, வேலை நான் நினைச்சதைவிட சீக்கிரம் முடிஞ்சிடும் போல" என்றாள் டெங் ஷின். "ஆறு நாள் வேணாம். நாளைக்கு மறுநாள் கிளம்பிடுவேன்."

"ஏன் பொண்ணே, அதுக்குள்ள?"

"தனிப் பேச்சா இருக்கும்னு எதிர்பார்த்து வந்தேன். இல்ல. சொல்லை ஏத்தி இறக்கிச் சொல்ற தொனி நாலே நாலுதான். தொண்டை அதிர்ற ஒலி ஒண்ணுகூட இல்ல. இது சர்க்கார் பேச்சோட ஒரு கிளைதான். பட்டியல்ல அதுகூடச் சேர்த்துட்டா போதும்."

மான்மெய் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சர்க்கார் பேச்சா? நம்ம பேச்சா?"

"ஐயாகிட்ட கேட்டுக்கிட்டேதான் வாசிக்கச் சொன்னேன். இதான் ஊர்ல பேசற உச்சரிப்பான்னு. ஆமான்னார்."

ஓயாங் வாத்தியார் கறித்துண்டை மென்று விழுங்கிவிட்டு, சர்க்கார் பேச்சிலேயே சொன்னார்: "எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போது இப்படித்தான் வாசிக்க வேண்டும் அம்மா. நான் முப்பத்தெட்டு வருடம் இப்படித்தான் கற்பித்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் மான்மெய்க்கு இன்னும் எரிந்தது. எழுத்து என்றால் சர்க்கார் பேச்சு, காகிதம் என்றால் சர்க்கார் பேச்சு. லுவோதாங்கில் யாரை உட்கார வைத்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். ஆனால் இந்த ஆள் செய்தால் அது வேறு. அன்று வாயை மண்ணால் அடைத்தான். இன்று அப்படி ஒரு பேச்சே இல்லை என்று கையெழுத்துப் போடப் போகிறான், அதுவும் அவள் வீட்டு மாடியில், அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு.

"பொண்ணே, அவர் நம்ம பேச்சு ஒரு வார்த்தைகூடப் பேசல" என்றாள்.

டெங் ஷின் கரண்டியோடு நிமிர்ந்தாள். "அப்படியா? அப்ப நீங்க சொல்லுங்க அக்கா. இப்ப நீங்க பேசறதுதானா அது?"

மான்மெய்க்கு முகம் சுருங்கிவிட்டது. இல்லை. இரண்டு நாளாக இந்தப் பெண்ணிடம் அவளும் சர்க்கார் பேச்சில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

டெங் ஷின் விடவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எல்லோரையும் மேலே அழைத்துப் போனாள். மைக்கை மான்மெய் பக்கம் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "நிலாவை நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டாள்.

மான்மெய் வாயைத் திறந்தாள். வந்தது சர்க்கார் பேச்சு. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே. எதிரே படித்த பெண், மெத்தைவிரிப்பு தொங்கும் ஜன்னல், எரியும் விளக்கு, எல்லாம் சேர்ந்து அவள் நாக்கைப் பிடித்து இழுத்துச் சர்க்கார் பேச்சுக்குள் தள்ளின. தினமும் பன்றியை விரட்டும்போது தானாக வரும் பேச்சு இன்று வரவில்லை. தன் வாயையே அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வாத்தியார் லேசாகச் சிரித்தார். "பார்த்தீர்களா? நான் சொன்னேனே. மான்மெய் படிக்காதவள், குழப்பிக்கொள்கிறாள்."

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது.

மான்மெய் மைக்கை மறந்தாள், டெங் ஷின்னை மறந்தாள், வாத்தியார் பக்கம் திரும்பினாள். வந்தது மண் பேச்சு, அடிவயிற்றிலிருந்து.

"யாருடா படிக்காதவ? யாராலடா படிக்கல? பல்லு போன வயசுல வந்து என் வீட்ல உக்காந்து இளிக்கிறியா?"

"மான்மெய், வெளியார் முன்னால்..." என்று வாத்தியார் சர்க்கார் பேச்சில் ஆரம்பித்தார்.

"வெளியாரு, வெளியாரு. வெளியாருக்குத் தொடச்சு வச்ச தட்டுடா நீ. ஊட்ல எதுல தின்ன? உங்கம்மா சாகக் கெடந்தப்ப எந்தப் பேச்சுல உன்கிட்ட தண்ணி கேட்டா? சர்க்கார் பேச்சுலயா கேட்டா? கேட்டவ வாயிலயும் மண்ணை வச்சியா?"

ஷேங் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். அதற்குள் வாத்தியார் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எங்கம்மா பேரை எடுத்த, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன். யார்கிட்ட நின்னு யாரைப் பத்திப் பேசற? உங்கப்பன் எங்க வாய்க்கா மடையை ராத்திரியோட ராத்திரியா வெட்டித் தண்ணி திருடின பய. அவன் பெத்தது நீ. பன்னிக் கொட்டாய்ல பொறந்த கழுத, எனக்கு வாய் பேசக் கத்துக் குடுக்கறியா? எங்கம்மா கேட்டா, நான் குடுத்தேன், என் கையாலதான் கடைசிச் சொட்டைக் குடுத்தேன், போடி."

ஷேங் பிடித்திருந்த கையை விட்டான்.

வாத்தியார் பேசியது மண் பேச்சு. சும்மா மண் பேச்சு அல்ல. மான்மெய்யின் காலத்திலேயே தேய்ந்துபோன ஒலிகள், மடை, கொட்டாய், சொட்டு எல்லாவற்றிலும் தொண்டை உறுமி எழும் அந்தப் பழைய கனம், ஏறி, இறங்கி, நடுவில் உடைந்து மறுபடி ஏறும் தொனிகள், அத்தனையும் ஒன்றுகூடக் குறையாமல் அந்த வாயில் இருந்தன. அவள் அப்பா பேசிய பேச்சு அது. அவளுக்கே அவ்வளவு சுத்தமாக வராது.

வாத்தியார் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டெங் ஷின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் மலையும் பள்ளமுமாக ஓடியிருந்தன. "ஏழு" என்றாள் மெதுவாக. "குறைஞ்சது ஏழு தொனி. தொண்டை அதிர்ற ஒலி எல்லாமே இருக்கு. அந்த நாலுல இது அடங்காது. எதுலயும் அடங்காது. ஐயா, இது இது... இவ்வளவு நாள் இதை எங்க வச்சிருந்தீங்க?"

"அதை அழித்துவிடுங்கள்" என்றார் வாத்தியார், மறுபடி சர்க்கார் பேச்சில். காது மடல் சிவந்திருந்தது. "அது கெட்ட வார்த்தை. பதிவாகக் கூடாது."

"இதுதான் ஐயா வேணும். இதுக்குத்தான் வந்தேன்."

மான்மெய் சுவரோரம் போய் நின்றாள். இத்தனை வருடம் அவள் ஒன்று நினைத்திருந்தாள். இந்த ஆளுக்கு மண் பேச்சு பிடிக்காது, தெரியாது, பெரிய இடத்துப் பிள்ளை, அதனால்தான் அப்படிச் செய்தான் என்று. அந்த நினைப்பில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. இன்று அதுவும் போனது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. காலையில் அந்தப் பேச்சில் கஞ்சி கேட்டுக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறான். தன்னுடையதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதைப் பிடுங்கியிருக்கிறான். கொலைகாரன் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் சொன்னாள்.

"மேலிடத்து உத்தரவு அது" என்றார் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு. "நீங்கள் முன்னேற வேண்டும் என்றுதான்."

"மண்ணை எடுத்து நாக்குல வைன்னு எந்த மேலிடம் உத்தரவு போட்டுச்சு? காட்டு அந்தக் காகிதத்தை. எனக்குப் படிக்கத் தெரியாது, இந்தப் பொண்ணு படிச்சுச் சொல்லட்டும்."

டெங் ஷின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்தது என்னவென்று ஷேங் அவளுக்குத் தணிந்த குரலில் சொன்னான். கேட்டு முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"பொண்ணே, என் வாயைப் போடு" என்றாள் மான்மெய். "இப்ப எனக்கு வந்துருச்சு. இனிமே நிக்காது. இந்தாளை வீட்டுக்கு அனுப்பிடு."

டெங் ஷின் மேசையில் கிடந்த படிவத்தை எடுத்துப் புரட்டினாள். "ஆயிரம் எழுத்தும் வாசிக்கணும் அக்கா" என்றாள் கடைசியில். "எல்லா ஊர்லயும் அதே ஆயிரம். அதே வரிசை. வச்சு ஒப்பிட்டாதான் இது எந்தக் குடும்பம்னு தெரியும். படிக்கத் தெரியாதவங்களைப் போட விதி இல்ல. உங்களால ஏன் முடியலைன்னு எனக்கு இப்பத் தெரியும். ஆனா படிவத்துல அதுக்கு இடமில்ல."

"அப்ப அவன் பேருதான் போகும்."

"ஆமா."

"இவன் பேச்சுன்னு போகும்."

"ஊர்ப் பேச்சுன்னுதான் போகும். ஆனா குரல் அவரோடது." டெங் ஷின் தயங்கினாள். "இன்னொண்ணும் இருக்கு அக்கா. தனியா உக்கார வச்சா அவருக்கு அந்தப் பேச்சு வராது. இப்பவே பாருங்க, திரும்பிப் போயிட்டார். உங்களைப் பார்த்தாதான் வருது. நாளையிலிருந்து நீங்க எதிர்ல உக்காரணும். எழுத்தை அவர் பார்த்துக்குவார். சர்க்கார் பேச்சுக்கு நழுவினா நீங்க நிறுத்தணும். நீங்க வரலைன்னா, என்கிட்ட ஏற்கெனவே இருக்கறதைத்தான் எழுத வேண்டியிருக்கும். அந்த நாலு தொனியை. இந்தச் சண்டையை மட்டும் வச்சு ஒரு பேச்சுன்னு நிரூபிக்க முடியாது."

மான்மெய் கீழே இறங்கிப் போனாள். கடையில் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். போகாவிட்டால் அவள் வாயில் இருக்கும் பேச்சு இல்லை என்றாகிவிடும். போனால் அது அவன் வாயில் உட்கார்ந்துகொள்ளும். எப்படிப் பார்த்தாலும் ஜெயிப்பது அவன். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் அன்று முழுதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கடைக் கதவைச் சாத்திவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மேலே போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் வாத்தியார். இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி. வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டைப் பையில் இன்று பேனா இல்லை.

"தயாரா?" என்றாள் டெங் ஷின். "அக்கா, நழுவினா சொல்லுங்க. கூச்சப்படாதீங்க."

திரையில் எழுத்து வந்தது. வாத்தியார் பார்த்தார், வாய் திறந்தார், பழக்கம் முந்திக்கொண்டது. நிலா என்றார் சர்க்கார் பேச்சில்.

"தப்பு" என்றாள் மான்மெய். அறுபத்தோரு வருடத்தில் அவள் யாரிடமும் இந்தச் சொல்லை இவ்வளவு அமைதியாகச் சொன்னதில்லை. "திரும்பச் சொல்லு."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். இரண்டாம் தடவை பாதி மண், பாதி சர்க்கார்.

"தப்பு. திரும்பச் சொல்லு."

மூன்றாம் தடவை வந்தது. கனமாக, உடைந்து ஏறி, அப்படியே அவள் அப்பாவின் குரலில் வருவது போல வந்தது. டெங் ஷின் முகம் மலர்ந்து, அடுத்த எழுத்துக்குப் போகச் சுட்டியை அழுத்தப் போனாள்.

"தப்பு" என்றாள் மான்மெய்.

டெங் ஷின் கை நின்றது. திரையைப் பார்த்தாள், மான்மெய்யைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற ஷேங் ஓரடி முன்னால் வந்தான். சொன்னது சரி என்று அந்த அறையில் நால்வருக்கும் தெரியும். எல்லோரையும்விட நன்றாக ஓயாங் வாத்தியாருக்குத் தெரியும்.

"திரும்பச் சொல்லு."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, திரும்பச் சொன்னார். தப்பு என்றாள். திரும்பச் சொன்னார். பத்து தடவைக்கு மேல் இருக்கும். டெங் ஷின் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, அவரும் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.